ஒரு சொல்லின் அடிதடி

2006 ஜூலை 9. பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் உலகக் கோப்பைக் கால்பந்தின் இறுதிப் போட்டி. கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 110ஆவது நிமிடத்தில் பிரான்ஸ் அணித்தலைவர் ஜிடான், இத்தாலியின் மத்தெராஸியின் மார்பில் தலையால் ஓங்கி ஒரு முட்டு முட்டினார். சிவப்பு அட்டை. அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அத்தோடு முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, அதெல் அப்தெஸெமெத் என்னும் சிற்பி அந்த முட்டலை ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாக வடித்து, பாரிஸின் போம்பிதூ மையத்தின் முன் நிறுத்தினார். சிலைக்கு அவர் வைத்த பெயர் ‘கூ த தெத்’.

பிரெஞ்சில் இதற்குத் தலையால் முட்டுவது என்று பொருள். யோசிக்காமல், ஆத்திரத்திலோ ஆசையிலோ சட்டென்று செய்துவிடும் காரியத்துக்கும் இதே பெயர்தான். வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வருபவர் செய்ததும் கூ த தெத். ஜிடான் செய்தது இரண்டு பொருளிலும் அதுவே. சிற்பிக்குத் தலைப்பைத் தேடி அலைய வேண்டிய தேவையே இருக்கவில்லை. மொழி தயாராக வைத்திருந்தது.

அந்தத் தொடரின் முதல் அசைதான் நம் கதாநாயகன்: கூ. எழுதினால் சி, ஓ, யு, பி என்று நான்கெழுத்து. சொன்னால் ஓரெழுத்து. அகராதியைத் திறந்தால் முதலில் ‘அடி’ என்றிருக்கும். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் போகும். துப்பாக்கிச் சூடு, தொலைபேசி அழைப்பு, சதுரங்கத்தில் ஒரு நகர்த்தல், ஒரு மடக்கு வைன், தோல் கருகும் வெயில், கண்டதும் காதல், ஆட்சிக் கவிழ்ப்பு எல்லாம் ‘கூ’வுக்குள் அடக்கம்.

இதன் பூர்வீகம் ஓர் அறை. கிரேக்கத்தில் ‘கொலஃபோஸ்’ என்றால் கன்னத்தில் விடும் அறை. அதை லத்தீன் ‘கொலஃபுஸ்’ என்று வாங்கிக்கொண்டது. மக்கள் வாயில் அது தேய்ந்து ‘கொல்புஸ்’ ஆயிற்று. இத்தாலியில் ‘கொல்போ’, ஸ்பெயினில் ‘கோல்பே’ என்று இன்றும் அதன் உடன்பிறப்புகள் அடித்துக்கொண்டிருக்கின்றன. பழைய பிரெஞ்சில் ‘கொல்ப்’ என்று இருந்தது. பிறகு ‘ல்’ உயிரோசையில் கரைந்தது, ‘ப்’ வாயிலிருந்து விழுந்து எழுத்தில் மட்டும் தங்கியது.

விழுந்த அந்தப் ‘ப்’ இந்தச் சொல்லிலிருந்து பிறந்த வினையில் உயிரோடு இருக்கிறது. ‘கூப்பே’ என்றால் வெட்டு. வெட்டிய துண்டு ‘கூப்பன்’. இலங்கையில் ரேஷன் கடையைக் கூப்பன் கடை என்றே சொல்லிப் பழகிய தலைமுறை உண்டு. முன்பாதியை வெட்டிச் சிறிதாக்கிய குதிரை வண்டி ‘கூபே’. நம் ரயிலின் முதல் வகுப்பில் இரண்டு படுக்கை மட்டும் உள்ள அறைக்கும் அதே பெயர். காட்டில் மரம் வெட்டப் பிரித்துவிட்ட பகுதியை ஆங்கில வனத்துறை பிரெஞ்சிலிருந்து எடுத்த சொல்லால் குறித்தது. அது மேற்கு மலைக் காடுகளில் ‘கூப்பு’ ஆயிற்று, மரம் ஏற்றப் போட்ட தடம் கூப்பு ரோடு ஆயிற்று. பாரிஸ்காரர் விழுங்கிவிட்ட மெய்யெழுத்தை நம் மலைக்காட்டு லாரி ஓட்டுநர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ‘மெர்சி போக்கூ’ என்று நன்றி சொல்கிறார்களே, அந்தப் ‘போக்கூ’வும் இந்தக் குடும்பம்தான். ‘போ’ என்றால் அழகான, நல்ல. நல்ல அடி என்பது நாளடைவில் நிறைய என்றாகிவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது என்று நினைக்கிறேன். நம்மிடம் ‘அடி’ இருக்கிறது. காற்று அடிக்கிறது, வெயில் அடிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, மணி அடிக்கிறது, லாட்டரி அடிக்கிறது. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், நண்பனுக்கு ஃபோன் அடிக்கிறோம், மாலையில் சிலர் தண்ணி அடிக்கிறார்கள். இந்தப் பட்டியலில் பெரும்பகுதியைப் பிரெஞ்சில் ‘கூ’ போட்டுச் சொல்லிவிடலாம். கூ த வான் காற்றடி, கூ த சொலெய் வெயிலடி, கூ த ஃபில் தொலைபேசிக் கம்பியின் அடி. ‘ஒரு கூ குடிப்போமா’ என்றால் மதுக்கடைக்கு அழைப்பு. ‘தூத் தன் கூ’ என்பதற்கு ‘ஒரேயடியாக’ என்பதைவிட நெருக்கமான சொல் வேறெந்த மொழியிலும் கிடைக்குமா தெரியவில்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நாம் சொல்வதை, ஒரே கல்லில் இரண்டு கூ என்கிறார்கள் அவர்கள். மாங்காய் அங்கே விளையாது. அடியை மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒற்றுமையோடு நின்றுவிட்டால் கூவின் சூட்சுமம் தப்பிவிடும். நம்முடையது வினை. வெயில் காலையிலிருந்து மாலைவரை அடித்துக்கொண்டே இருக்கும். அவர்களுடையது பெயர், அதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியும். கூ த சொலெய் என்பது நாள் முழுக்கக் காய்ந்த வெயிலைச் சொல்வதில்லை. கடற்கரையில் சட்டையில்லாமல் படுத்திருந்தவனின் சிவந்து தோலுரிந்த முதுகைச் சொல்கிறது. வெயில் போய்விட்டது, அடி முதுகில் நிற்கிறது. நிகழ்ந்தது நொடி, நின்றது விளைவு. கூ சேர்ந்த தொடர்கள் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டும் இருக்கின்றன. சதுரங்கத்தில் மூன்று கூவில் மாட். பகடையை ஒருமுறை உருட்டுவது ஒரு கூ. நடுப்பகல் மணி ஒலிக்கும் கணம் பன்னிரண்டின் கூ. காலம் என்ற நீண்ட துணியில் ஒரு தையலைத் தனியாகக் காட்டுவதற்கு அவர்களிடம் இருக்கும் சொல் இது.

வீட்டு வேலைகளில் இதன் இன்னொரு குணம் தெரியும். துடைப்பத்தின் கூ, இஸ்திரிப் பெட்டியின் கூ, சீப்பின் கூ, பெயிண்டின் கூ. எந்தக் கருவியின் பெயரையும் பின்னால் கோத்து, முன்னால் ‘கொடு’ என்ற வினையைப் போட்டால் வாக்கியம் தயார். இப்படிப்பட்ட வினைக்குத் தனக்கென்று கனமில்லை, பெயரைத் தாங்கிப் பிடிப்பதோடு சரி. அதனால் மொழியியலார் இதைத் தாங்குவினை என்பார்கள். அறைக்குத் துடைப்பத்தின் கூ கொடுத்தால், அலமாரியை நகர்த்தி மூலை முடுக்கெல்லாம் பெருக்கினதாக அர்த்தமில்லை. விருந்தாளி படியேறுவதற்குள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைச் சுத்தம் பண்ணியாயிற்று, அவ்வளவே. இதற்குச் சரியான தமிழ் ‘அடி’யில் இல்லை. ‘ஒரு பெருக்கு பெருக்கிடு’, ‘சட்டையை ஒரு தேய் தேய்ச்சுக் கொடு’, ‘கடைக்கு ஒரு எட்டு போயிட்டு வா’ என்கிறோமே, அந்த ‘ஒரு’வில் இருக்கிறது. நாம் வினையையே இரட்டித்துச் செய்வதை அவர்கள் ஒரே பெயரைக் கொண்டு செய்கிறார்கள். அலுவலகத்தில் துடைப்பத்தின் கூ விழுந்தது என்று செய்தி வந்தால் மட்டும் கதை வேறு. ஆட்களைக் கூட்டித் தள்ளியிருக்கிறார்கள்.

‘கொடு’வுக்குப் பதில் ‘வாங்கு’ வந்தால் திசை திரும்பும். துடைப்பத்தின் கூவை நாம் கொடுப்போம். வெயிலின், குளிரின், முதுமையின் கூவை நாம் வாங்குவோம். ஆம், முதுமைக்கும் ஒரு கூ உண்டு. பழைய சிநேகிதரை நீண்ட காலத்துக்குப் பிறகு பார்க்கும்போது, ஒரே நாளில் வயதாகிவிட்டதுபோல் தோன்றுமே, அதுதான். உணவகத்தில் பில்லைப் பார்த்து மூச்சு நின்றால் அது துப்பாக்கியின் கூ. கையின் கூ இன்னும் வேடிக்கை: பக்கத்து வீட்டார் அலமாரியைத் தூக்கிவிட்டால் அது உதவி, ராணுவ அறிக்கையில் வந்தால் அதிரடித் தாக்குதல். எது என்பதைப் பேசுபவர் யார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி பொறியியலுக்கு வருவோம். பிரெஞ்சு அறிவியல் மொழி இந்தச் சொல்லை நாடகத்துக்கும் காதலுக்கும் மட்டும் விட்டுவைக்கவில்லை. மாலுமிகளுக்கான வானிலை அறிவிப்பில் கூ த வான் ஒரு துல்லியமான அளவு. போஃபோர்ட் அளவுகோலில் 8ஆம் எண், அதாவது மணிக்கு 62 முதல் 74 கிலோமீட்டர் வேகக் காற்று. 9ஆம் எண்ணுக்குப் பெயர் ‘பலத்த கூ த வான்’. பத்துக்குப் போனால்தான் புயல் என்ற சொல்லே வரும்.

குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள்ளிருந்து ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்கள். அதன் பெயர் கூ த பெலியே, செம்மறிக்கடாவின் முட்டு. கோட்டைக் கதவை இடிக்கும் உத்தரத்துக்கும் பிரெஞ்சில் அதே கடாவின் பெயர்தான். குழாயில் நீர் ஒரு நீளமான கம்பிபோல ஓடிவருகிறது. வாயை அடைத்தால் முன்னால் உள்ள நீர் நிற்கிறது, பின்னால் வருவது அதன்மேல் மோதுகிறது. அந்த அழுத்தம் ஓர் அலையாக, நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலான வேகத்தில் குழாயின் வழியே திரும்பிப் பாய்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் என்ற சாதாரண வேகத்தில் ஓடும் நீரை ஒரேயடியாக நிறுத்தினால்கூட, எஃகுக் குழாயில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் எகிறிவிடும். நீர்மின் நிலையங்களின் பெரிய குழாய்களை இது பிளந்துவிடக் கூடும் என்பதால்தான் அங்கே அடைப்பான்களை மெதுவாக மூடுகிறார்கள்.

இந்தத் தொல்லையை வேலைக்கு வைத்துக்கொண்டவர் ஜோசஃப் மிஷேல் மோன்கோல்ஃபியே. தம்பியோடு சேர்ந்து 1783இல் வெப்பக்காற்றுப் பலூனைப் பறக்கவிட்டவர். காகித ஆலைக்காரக் குடும்பம். 1796இல் அவர் அமைத்த பொறியில், ஓடைநீர் கீழே பாய்ந்து வேகம் பிடித்ததும் ஓர் அடைப்பான் தானாகவே படாரென்று மூடிக்கொள்ளும். அந்த முட்டின் அழுத்தம் கொஞ்சம் நீரை மேலே உயரமான தொட்டிக்குத் தள்ளும். அழுத்தம் தணிந்ததும் அடைப்பான் திறக்கும், மறுபடி நீர் பாயும், மறுபடி முட்டு. எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. பொறியின் பெயரும் ‘நீர்க்கடா’ என்றே அமைந்தது. உலகின் மலைக் கிராமங்கள் பலவற்றில் இன்றும் அது முட்டிக்கொண்டிருக்கிறது. பலூனைவிட இதுதான் மேலான கண்டுபிடிப்பு என்பது என் கட்சி.

சுரங்கத்தில் இந்தச் சொல் நடுங்க வைக்கும். நிலக்கரிப் பாறையிலிருந்து கசியும் மீத்தேன் காற்றோடு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பங்கு கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டால் கூ த கிரிஸூ, சுரங்க வாயுவின் அடி. அதைவிடக் கொடியது கூ த பூசியே, கரித்தூளின் அடி. 1906 மார்ச் 10 காலை, வட பிரான்சின் கூரியேர் சுரங்கங்களில் நடந்தது அது. காற்றில் எழும்பிய தூள் பற்றிக்கொள்ள, அந்தத் தீ எழுப்பும் காற்று மேலும் தூளைக் கிளப்பிவிட, சுமார் 110 கிலோமீட்டர் சுரங்கப் பாதையில் நெருப்பு ஓடியது. 1,099 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு. இருபது நாள் கழித்து, மார்ச் 30 அன்று, இருட்டில் வழி தடவித் தடவி 13 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். ஏப்ரல் 4இல் இன்னும் ஒருவர். தப்பிப் பிழைத்தவர் என்பதற்கு அந்த வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளர் சொன்ன ‘ரெஸ்கப்பே’ என்ற கொச்சை வடிவம் அந்த வாரங்களில் நாளிதழ்களில் ஏறி, பொதுப் பிரெஞ்சில் நிலைத்துவிட்டது.

மருத்துவத்தில் ‘கோந்த்ர்கூ’, எதிரடி. பின்னால் சாய்ந்து விழுபவரின் பின்மண்டை தரையில் மோதுகிறது. ஆனால் ஸ்கேனில் பெரிய சேதம் நெற்றிப் பக்கத்து மூளையில் தெரியும். மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதப்பதால் வரும் விபரீதம் இது. நம் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இதே பிரெஞ்சுச் சொல்லைத்தான் ஆங்கில உச்சரிப்பில் படிக்கிறார்கள். காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடிக்கும்போது கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுக்கும் காயத்துக்கு, முயலின் கூ என்று பெயர். முயலைக் கொல்பவர்கள் அதன் பிடரியில் அடிப்பார்கள், அதிலிருந்து வந்தது.

அடி என்ற சொல்லே அடிபட்டு முகம் மாறிய கதைகளும் உண்டு. 1547 ஜூலை 10, பாரிஸுக்கு அருகே சேன் ஜெர்மேன் அன் லே. மன்னர் இரண்டாம் ஹென்றியின் கண்முன் இரண்டு பிரபுக்கள் வாள் சண்டைக்கு நின்றார்கள். ஒருவர் மன்னரின் செல்லப்பிள்ளை லா ஷாத்தென்யரே, பேர்பெற்ற வாள்வீரர். மற்றவர் ஜர்னாக் பிரபு. அவரைப் பற்றி அரண்மனையில் கிளம்பிய அவதூறுதான் சண்டைக்குக் காரணம். ஜர்னாக் தேறமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ எதிராளியின் முழங்காலின் பின்னால் ஒரு வெட்டு வெட்டிச் சாய்த்தார். தோற்றவர் அவமானம் தாங்காமல் கட்டுகளைப் பிய்த்தெறிந்து இறந்துபோனார். அந்த வெட்டு விதிகளுக்கு உட்பட்டது, வாத்தியாரிடம் கற்றுக்கொண்டது. முதலில் கூ த ஜர்னாக் என்றால் எதிர்பாராத, கெட்டிக்கார வெட்டு. பிற்காலத்தில் அது முதுகில் குத்தும் துரோகம் ஆகிவிட்டது. வென்ற மனிதருக்கு மொழி செய்த அநியாயம்.

ஆட்சிக் கவிழ்ப்பு என்று உலகம் முழுக்கத் தெரிந்த ‘கூ தெத்தா’வும் இப்படித் தலைகீழாக நின்றதுதான். கப்ரியேல் நோதே என்ற நூலகர் 1639இல் ரோமில் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அவர் காலத்தில் அது அரசின்மேல் விழும் அடியில்லை, அரசு அடிக்கும் அடி. ஆள்பவர் சட்டத்தையும் வழக்கத்தையும் ஓரம்கட்டிவிட்டு, ராஜ்ஜிய நலன் என்று சொல்லி ரகசியமாகத் திட்டமிட்டுச் செய்யும் துணிகரம். 1572இல் பாரிஸில் புராட்டஸ்டன்ட்களைக் கூட்டமாகக் கொன்றதை அவர் இதில் சேர்த்தார், அதுவும் மெச்சி. 1799 நவம்பர் 9இல் தளபதி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது சொல் மறுபக்கம் சாய்ந்தது. இருந்தாலும் 1851 டிசம்பர் 2இல் அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் செய்ததைப் பாருங்கள். அப்போது நாட்டின் அதிபரே அவர்தான். தானே நாடாளுமன்றத்தைக் கலைத்து, எதிரிகளைக் கைது செய்து, அடுத்த ஆண்டு பேரரசர் ஆனார். நம் ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்ற சொல் இதற்குப் பொருந்தவே பொருந்தாது. நோதேயின் பழைய பொருள் பொருந்துகிறது. பதவியில் இருப்பவரே சட்டசபையின் கதவைச் சாத்தும் காலங்களில் அந்த 1639ஆம் ஆண்டுப் பொருளை நினைவில் வைத்திருப்பது நல்லது.

எல்லை தாண்டும்போது இந்தச் சொல் படும் பாடு தனி. ஃபிரான்சுவா த்ரூஃபோ 1959இல் எடுத்த முதல் முழுநீளப் படத்தின் பெயர் ‘நானூறு கூ’. நானூறு கூ அடிப்பது என்றால் பிரெஞ்சில் கட்டுக்கடங்காமல் சேட்டை செய்து திரிவது. 1621இல் பதின்மூன்றாம் லூயி மோந்தோபான் நகரை முற்றுகையிட்டுச் சுட்ட பீரங்கிக் குண்டுகளிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் அடிகளின் எண்ணிக்கையாகவே போயிற்று. படத்தில் அந்தோவான் என்ற பையனுக்கு வகுப்பறையிலேயே வளர்ப்பு அப்பாவிடமிருந்து அறை விழுவதால், தலைப்பு தப்பென்று பார்ப்பவர்களுக்கு உறைப்பதும் இல்லை.

வட அமெரிக்கப் புல்வெளியில் நடந்தது நேர்மாறு. அங்கிருந்த பூர்வகுடி வீரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எதிரியைக் கொல்வதைவிட, அவன் ஆயுதத்தோடு நிற்கும்போதே கிட்டே போய்க் கையாலோ கோலாலோ தொட்டுவிட்டு உயிரோடு திரும்புவதே பெரிய வீரம். பிரெஞ்சு மென்மயிர் வணிகர்கள் அந்தத் தொடுதலைக் ‘கூ’ என்றார்கள். ஆங்கிலமும் அப்படியே எடுத்துக்கொண்டது. க்ரோ மக்களின் தலைவர் ஒருவருக்கு ‘நிறைய சாதனைகள்’ என்ற பொருளில் அவர்கள் மொழியில் பெயர். வெளியுலகம் அவரைப் ‘பிளெண்டி கூஸ்’ என்றே அறிந்தது. 1921 நவம்பர் 11இல் வாஷிங்டனுக்கு அருகே பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறை திறக்கப்பட்டபோது, தன் இறகு மகுடத்தையும் கூ கோலையும் அவர் அங்கே வைத்தார். யாரையும் அடிக்காமல் தொடுவதற்கு அடியின் பெயர்: கூவின் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நிறுத்தம் இது.

இப்போது பிரான்சில் அதிகம் காதில் விழும் கூ எது தெரியுமா? ‘து கூ’. அடியின் விளைவாக என்பது சொல்லுக்குச் சொல் பொருள். அதனால், ஆகவே என்பது புழக்கம். ரயில் தாமதம், து கூ நானும் தாமதம். இப்போது காரணமும் விளைவும் இல்லாத இடத்திலும், நம்மூரில் ‘ஸோ’ என்று தொடங்குவதைப்போல, வாக்கியத்துக்கு வாக்கியம் போடுகிறார்கள். 1635 முதல் மொழியைக் காவல் காக்கும் பிரெஞ்சு அகாதெமி, ‘அதனால்’ என்ற பொருளில் இதைக் கண்ட இடத்திலும் போடாதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. அகாதெமியின் வாதம் சரி, ஆனால் அது வெல்லப் போவதில்லை. கன்னத்தில் விழுந்த அறையிலிருந்து கிளம்பி ‘நிறைய’ வரைக்கும் வந்துவிட்ட சொல்லை ‘ஆகவே’யில் தடுத்து நிறுத்த எந்தச் சபையாலும் முடியாது.